புயலாகுமா என்னும் கேள்வியும் ஏரியின் கணக்கும்

உத்திரமேரூருக்கு வடகிழக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தாம்பரம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. உத்திரமேரூருக்குத் தெற்கே, அதே அளவு தொலைவில் இருக்கிறது மயிலம். 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே பதிவான மழை 51 சென்டிமீட்டர். முன்னதைக் கொண்டுவந்தது புயலன்று. பெயர்கூடப் பெறாத ஒரு காற்றழுத்தத் தாழ்வு. பின்னதைக் கொண்டுவந்தது ஃபெஞ்சல் என்று பெயரிடப்பட்ட புயல். நிலத்தில் விழுந்த நீரின் அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் நடுவில், ஒருநாள் முன்னறிவிப்பில் வழக்கமாக நேரும் பிழையின் எல்லைக்குள், உத்திரமேரூரும் அதன் பேரேரியும் அதைச் சூழ்ந்த நூற்றுக்கணக்கான சிற்றேரிகளும் இருக்கின்றன. இரு முறையும் அந்தப் பெருமழை இவ்வட்டாரத்தைச் சற்றே விலகிப் பெய்தது. ஒவ்வொரு முறையும் விலகும் என்று எண்ணியிருக்க எவருக்கும் உரிமை இல்லை.

வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் வங்கக் கடலின் தென்கிழக்கில் மேகத்திரள் ஒன்று கூடினாலே போதும், தமிழ்நாட்டின் வானிலை ஆர்வலர்கள் விழித்துக்கொள்கிறார்கள். ஆசிரியர், மாணவர், பொறியாளர், வங்கி ஊழியர், வணிகர் எனப் பலதிறத்தினர் அவர்கள். இன்சாட் செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை அரைமணிக்கு ஒருமுறை ஒப்பிடுகிறார்கள். சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ராடார்களின் நிறத் திட்டுகளைப் படிக்கிறார்கள். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மாதிரி ஒன்று சொல்ல அமெரிக்க மாதிரி வேறொன்று சொன்னால், ஏன் இந்த முரண் என்று ஆராய்கிறார்கள். இரவெல்லாம் கண்விழித்துக் கணித்ததை விடியலில் ஊருக்குச் சொல்கிறார்கள். இவர்களில் பலருக்கு இது பிழைப்பு அன்று. தமிழ்நாடு வெதர்மேன் என்று அறியப்படும் பிரதீப் ஜான் வேறொரு பணியில் இருந்துகொண்டே பல்லாண்டுகளாக மழைப் பதிவுகளைத் திரட்டியவர். 2015 பெருவெள்ள நாள்களில் அவர் சொற்களுக்காக மக்கள் காத்திருந்தனர். காவிரிப் பாசன மாவட்டங்களில் நாள்தோறும் உழவர்க்கென்றே குரற்பதிவில் வானிலை சொல்வோரும் உள்ளனர்.

இவர்கள் செய்திருக்கும் தொண்டு பெரிது. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்னும் படிநிலைகள் முன்பு வானொலியில் ஒலித்து மறையும் சொற்களாக இருந்தன. இன்று இவ்வட்டாரத்து மானாம்பதியின் தேநீர்க் கடையிலும் சாலவாக்கத்தின் உரக்கடையிலும் அவை பொருள் உணர்ந்து பேசப்படுகின்றன. கடலின் நிலையை மக்கள் தம் மொழியில் அறிந்துகொள்ளும் நிலை உருவாகியிருக்கிறது. அறிவைத் துறை வளாகத்துக்கு வெளியே கொண்டுவந்து பகிர்ந்தவர்களை அரசு அதிகாரிகள் ஐயத்தோடு நோக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த ஐயம் முற்றிலும் மறையவில்லை என்பதே நமக்கு வருத்தம்.

வானிலை அறிவியலின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் இந்த ஐயத்துக்கு அடிப்படை இல்லை என்பது விளங்கும். வங்கக் கடலின் சூறாவளிகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் எந்த வானிலைத் துறையிலும் பணியாற்றியவர் அல்லர். அப்போது இந்தியாவில் அப்படி ஒரு துறையே இல்லை. வணிகக் கப்பலில் பணியாற்றிப் பின் கல்கத்தாவில் தங்கிவிட்ட அவர், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டினார். காற்று எத்திசையிலிருந்து எவ்வேளையில் அடித்தது என்பதை ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்து வரைபடத்தில் குறித்தார். அந்த உழைப்பின் பயனாக 1848இல் மாலுமிகளுக்கான நூல் ஒன்றை வெளியிட்டார். கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு முனைந்தபோது, அவ்விடம் புயற்கடலின் எழுச்சிக்கு இரையாகும் என்று 1853இல் ஆட்சியாளருக்கு எழுதினார். கேட்பார் இல்லை. துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பரில் வந்த புயல் அதைச் சிதைத்தது. அதைக் காண பிடிங்டன் உயிரோடு இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது 1875இல்தான். ஆக, ஆர்வலர் முன்னே வந்தார். துறை பின்னே வந்தது.

பெருமையைச் சொன்ன நாம் குறையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆர்வலர், துறையினர், செய்தி ஊடகத்தார் ஆகிய மூவரின் கவனமும் ஒரே கேள்வியில் குவிந்து கிடக்கிறது: புயலாகுமா, ஆகாதா? ஆகுமாயின் எங்கே கரை கடக்கும்? இந்தக் கேள்வி மீனவர்க்கு உயிர்க்கேள்வி. கடலோரத்தில் கூரை வீட்டில் இருப்பவர்க்கும் அப்படியே. கடலிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் உத்திரமேரூரின் உழவர்க்கோ அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை.

படிநிலைகள் எதை அளக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். சுழற்சியின் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல். அப்போது பெயர் கிடைக்கிறது. இந்த அளவுகோல் முழுவதும் காற்றின் வேகத்தைச் சார்ந்தது. மழையின் அளவு இதில் எங்கும் இடம்பெறவில்லை. மெதுவாக நகரும் வலுக்குறைந்த மண்டலம், விரைந்து கடக்கும் கடும்புயலைவிடப் பன்மடங்கு நீரைக் கொட்டக்கூடும். 2021 நவம்பர் 19 அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது வெறும் தாழ்வு மண்டலம்தான். பெயர் இல்லை, அச்சம் இல்லை. அந்த மழையில் பாலாற்றில் பல பத்தாண்டுகளாக எவரும் கண்டிராத வெள்ளம் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டிட்வா, காற்றின் கணக்கில் புயல் வரிசையின் கீழ்ப்படியில் நின்றதே. அங்கே 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகத்தின் மண்சரிவும் ஆற்று வெள்ளமுமே அவர்களுள் மிகப் பலரைக் கொண்டுபோயின.

ஃபெஞ்சலின் நாள்களை வரிசையாக நினைவுகூர்வது நமக்குப் பயன்தரும். 2024 நவம்பர் 26இல் அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாயிற்று. மறுநாளே புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆகவில்லை. வளியின் மேல்மட்டத்தில் வீசிய காற்றும் கீழ்மட்டக் காற்றும் வேகத்திலும் திசையிலும் வேறுபட்டதால் மேகக் கோபுரம் சுழற்சியின் மையத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்க முடியாமல் சாய்ந்தது. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மிக மெதுவாக ஊர்ந்தது. வலுவிழந்து தாழ்வு மண்டலமாகவே கரையேறும் என்ற கணிப்பும் வந்தது. வடமாவட்ட மக்கள் சற்றே மூச்சுவிட்டனர். 29ஆம் நாள் பிற்பகல் அது புயலாயிற்று. 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த பிறகு நகரவில்லை. புதுச்சேரியையும் விழுப்புரம் மாவட்டத்தையும் ஒட்டிப் பல மணி நேரம் அசையாமல் நின்று பெய்தது. பின்னர் மேற்கே சென்று, வலுவிழந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட நிலையில், கடலுக்கு வெகுதொலைவில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் பாய்ந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு உயிர்கள் மண்ணுக்குள் புதைந்தன. இவை எல்லாம் புயல் கரை கடந்துவிட்டது என்று செய்தி வாசித்து முடித்த பிறகு நிகழ்ந்தவை.

இதற்காக வானிலைத் துறையை ஏசுவது நம் நோக்கம் அன்று. உருவாகிக்கொண்டிருக்கும் சுழற்சியைக் கணிப்பது அறிவியலில் மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று. கடல்நீரின் வெப்பம் 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கவேண்டும். வளியின் நடுமட்டம் ஈரமாக இருக்கவேண்டும். மேலும் கீழுமாக வீசும் காற்றுகள் ஒன்றையொன்று வெட்டாதிருக்கவேண்டும். இத்தனையும் கூடினாலும், சிதறிக்கிடக்கும் இடிமேகங்களுள் எதனை ஒட்டி மையம் அமையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. மையம் அமையாதவரை எந்த மாதிரியும் உறுதியான தொடக்கப்புள்ளி இன்றியே கணக்கிடுகிறது. அதனால்தான் ஐரோப்பிய வானிலை மையம் ஒரே வேளையில் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட கணிப்புகளை ஓட்டுகிறது. அவற்றின் பாதைகள் ஒன்றாகச் சேர்ந்து சென்றால் நம்பிக்கை கூடும். விசிறி போல விரிந்தால் நம்பிக்கை குறையும். அந்த விரிவே ஒரு செய்தி. நம் துறையின் அறிக்கைகளிலும் பாதையைச் சுற்றி ஐய எல்லை வரையப்படுகிறது. ஊடகத்தை அடையும்போது அந்த எல்லை உதிர்ந்து நடுக்கோடு மட்டும் எஞ்சுகிறது. ஆர்வலர் சிலரும் பத்து நாள்களுக்கு அப்பால் ஒரே ஒரு மாதிரி ஒரே ஒரு முறை காட்டிய பெரும்புயலின் படத்தை எடுத்துப் பரப்பிவிடுகிறார்கள். அடுத்த ஓட்டத்தில் அப்புயல் மறைந்துவிடும். பரவிய அச்சம் மறைவதில்லை. அச்சம் தணிந்தபின் எஞ்சும் அவநம்பிக்கையும் மறைவதில்லை.

2024 அக்டோபர் நடுவில் காஞ்சிபுரம் உள்ளிட்ட வடமாவட்டங்களுக்கு அதிகனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. சென்னையில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் மக்கள் தம் கார்களை வரிசையாக நிறுத்தினர். 16ஆம் நாள் அஞ்சிய அளவுக்குப் பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் 17ஆம் நாள் அதிகாலை சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. எச்சரிக்கை பொய்த்தது என்று பலர் பேசினர். எச்சரித்தது தவறன்று. ஆனால் எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு ஐயம் என்பதை எச்சரிக்கையோடு சேர்த்துச் சொல்லும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. சிவப்பு எச்சரிக்கை என்றால் உறுதி என்று மக்கள் கொள்கிறார்கள். அப்படிக் கொள்ளாதவாறு விளக்குவது அறிவிப்போர் கடமை.

ஐயத்தை மறைத்துச் சொன்னால் யாருக்கு இழப்பு என்பதை உத்திரமேரூர் வட்டத்தின் வயலில் நின்று பார்த்தால் தெரியும். நவம்பர் இறுதியில் சம்பா பயிர் தூர்கட்டியோ கதிர்விடும் பருவத்திலோ நிற்கும். மேலுரம் இட்ட மறுநாள் 15 சென்டிமீட்டர் பெய்தால் உரம் வாய்க்காலோடு போய்விடும். இடாமல் காத்திருந்து மழை வராவிட்டால் பருவம் தப்பும். நவரைக்கு நாற்றங்கால் விடுவோர் விதை முளைக்கும் நாள்களில் நீர் தேங்குமா என்று கணக்கிடவேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கடன்பட்டுப் பயிரிடுவோர்க்கு ஒரு தவறான முடிவு ஓராண்டு உழைப்பு. காஞ்சிபுரம் பகுதியில் குழித்தறியில் பட்டு நெய்வோர் வீட்டிலும் இதே நிலைதான். தரையிலிருந்து ஊற்று ஏறினால் தறி நின்றுவிடும், பாவு ஈரமேறிப் பாழாகும். இவர்கள் எல்லாம் கேட்பது புயலின் பெயரை அன்று. எங்கள் பக்கம் எவ்வளவு பெய்யும், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், ஏரி தாங்குமா? இம்மூன்றுக்கும் விடை சொல்லும் ஏற்பாடு இன்று எங்கும் இல்லை.

ஏரி தாங்குமா என்னும் கேள்வியே இவ்வட்டாரத்தின் தலையாய கேள்வி. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு கோடி லிட்டர். மயிலத்தில் பெய்தது போல் பெய்தால் ஐம்பது கோடி. அந்த நீர் வரத்துக்கால்வாய் வழியாக ஓர் ஏரிக்கு வந்து, அது நிறைந்து கலங்கல் வழியே கீழேரிக்கு இறங்கி, அதுவும் நிறைந்து அடுத்ததற்குச் செல்லும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. 40 எக்டேருக்குக் குறைவான பாசனப்பரப்புக் கொண்ட ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. மேலே ஒன்றியத்தின் சிற்றேரி கரை உடைந்தால் அந்நீர் முழுவதும் ஒரே அலையாகக் கீழே துறையின் ஏரிக்குள் பாயும். 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியதற்கு ஆற்றின் மேற்பகுதியில் ஏரிகள் அடுத்தடுத்து உடைந்ததே காரணமாயிற்று. இருநூறு பேர் அளவில் அன்று மாண்டனர்.

உத்திரமேரூர் ஏரிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. அதன் நீர் தன் வட்டாரத்து மழையை மட்டும் நம்பியதன்று. அனுமந்தண்டலத்தில் செய்யாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக ஆற்றுநீர் அதற்கு வருகிறது. செய்யாறு பிறப்பதோ சவ்வாது மலையில். ஆகவே இந்த ஏரியைக் காப்பவர் கிழக்கே கடலைப் பார்த்தால் போதாது. மேற்கே மலையையும் பார்க்கவேண்டும். ஃபெஞ்சல் ஊத்தங்கரையில் கொட்டியதுபோல் சவ்வாது மலையின் கிழக்குச் சரிவில் மற்றொரு மண்டலம் நின்று கொட்டினால், உத்திரமேரூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வந்து சேரும். கரை கடந்துவிட்டது என்று சொல்லித் தொலைக்காட்சியை அணைத்துவிட்டவர்க்கு அது தெரிய வழியில்லை.

இந்த ஊர் எந்த ஊர் என்பதை நினைக்கும்போதுதான் மனம் கனக்கிறது. வைகுந்தப்பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தகச் சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக உலகம் போற்றுகிறது. பாடநூலில் படிக்கிறோம், மேடையில் முழங்குகிறோம். அந்தச் சபை எதற்காக அத்தனை விதிகளோடு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது என்பதை அதிகம் பேசுவதில்லை. முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பிரிக்கப்பட்டனர். ஏரி வாரியத்துக்கு அறுவர். அவர்கள் 360 நாள் பொறுப்பு வகித்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கே தகுதியற்றவர் என்பது விதி. 919இல் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தி மறுபடியும் பொறித்தனர். நடைமுறையில் கண்ட குறையை மறைக்காமல் கல்லிலேயே மாற்றி எழுதிய நேர்மை அது. பல்லவர் காலத்திலேயே வயிரமேகத் தடாகம் என்று பெயர்பெற்ற இந்த ஏரியில் தூர்வாருவதற்குப் பொன்னும் நிலமும் அறக்கொடையாக வந்துள்ளன.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. வரிசெலுத்தும் நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே அச்சபையில் இடம் இருந்தது. உழுதவரும் கரையில் மண் சுமந்தவரும் அந்தக் குடத்தில் தம் பெயரைக் கண்டதில்லை. ஆனால் ஏரியைக் கண்காணிப்பது இன்னாருடைய வேலை, அவர் ஆண்டு முடிவில் கணக்குச் சொல்லவேண்டும் என்னும் கொள்கை அங்கே இருந்தது. பிற்காலத்தில் நீர்க்கட்டிகள் அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தனர். மழை இரவில் மண்வெட்டியும் விளக்கும் எடுத்துக்கொண்டு கரைமேல் நடந்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் ஊரின் விளிம்பில் வாழ வைக்கப்பட்ட மக்கள். இன்று அப்பணிக்கு ஊதியமும் இல்லை, வாரிசும் இல்லை. கடலில் 800 கிலோமீட்டருக்கு அப்பால் எழும் சுழற்சியை அரைமணிக்கு ஒருமுறை பார்க்க ஆயிரம் கண்கள் இருக்கின்றன. ஊருக்குள் இருக்கும் ஏரியின் நீர்மட்டம் நள்ளிரவில் எவ்வளவு ஏறியது என்று பார்க்க ஒருவர் இல்லை.

இந்த இடைவெளியை ஆர்வலர்களால் நிரப்ப முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1997 சூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரைப் பெருவெள்ளம் தாக்கியது. நகரின் ஒரு பகுதியில் கொட்டிய மழை மற்றொரு பகுதியில் பெய்யவில்லை. அதிகாரபூர்வ மழைமானிகள் அந்த வேறுபாட்டைப் பிடிக்கவில்லை. மறு ஆண்டே அங்குள்ள பொதுமக்கள் தத்தம் வீட்டுத் தோட்டத்தில் எளிய மழைமானி வைத்து நாள்தோறும் அளந்து அனுப்பத் தொடங்கினர். அந்த முயற்சி இன்று நாடு முழுவதும் பரவி, அரசு வானிலைத் துறையே பயன்படுத்தும் தரவாகிவிட்டது.

அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தின் மீனச்சில் ஆற்றங்கரையில் வீடுகளிலும் பள்ளிகளிலும் மழையையும் ஆற்றுமட்டத்தையும் மக்களே அளந்து, மேல்பகுதியினர் கீழ்ப்பகுதியினர்க்குச் சொல்கிறார்கள். வயநாட்டில் கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் சூழலியல் மையம் இருநூறு அளவிலான மழைமானிகளைத் தோட்டக்காரர், உழவர் முதலியோர் உதவியோடு நடத்திவருகிறது. 2024 சூலை 29 காலையிலேயே அம்மையம், மலைச்சரிவு நேரக்கூடும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியது. அடுத்த நாள் அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிடிங்டனின் கடிதத்துக்கு நேர்ந்த கதி, 170 ஆண்டுகளுக்குப் பின் ஒரு மழைமானிப் பதிவேட்டுக்கும் நேர்ந்தது. எச்சரிக்கை சொல்பவர் இருந்தும், அதைக் கேட்டு நடக்கக் கடமைப்பட்டவர் இன்னார் என்று வரையறுக்கப்படவில்லை என்பதே அங்கே கண்ட குறை.

ஆகவே உத்திரமேரூர் வட்டத்தில் தொடங்கவேண்டியது என்ன என்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஒவ்வோர் ஏரியின் நீர்பிடிப்பிலும் குறைந்தது ஒரு மழைமானி வேண்டும். மழைமானி என்பது திறந்தவெளியில் வைத்த நேர்ச்சுவர்க் கலமும் அளவுகோலுந்தான். அரசின் தானியங்கிக் கருவிகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர்ப் பள்ளியே அதற்குத் தக்க இடம். வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30 மணிக்கு அளக்கவேண்டும்; கனமழை நாளில் மூன்று மணிக்கொருமுறை அளக்கவேண்டும். ஏரியின் மதகில் அடிக்குறி தீட்டி, நீர்மட்டத்தையும் அதனோடு சேர்த்துப் பதியவேண்டும். அளந்ததை மேலேரியிலிருந்து கீழேரிக்கும், அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் உடனுக்குடன் அனுப்பும் முறை வேண்டும். பெற்ற அலுவலர் எத்தனை மணிக்குப் பெற்றார், என்ன செய்தார் என்பதும் அதே ஏட்டில் எழுதப்படவேண்டும். கரையில் இரவுக் காவல் இருப்போர்க்கு, பழைய நீர்க்கட்டிக் குடும்பத்தினராயினும் புதியவராயினும், உரிய கூலி வழங்கப்படவேண்டும். ஊர்த்தொண்டு என்ற பெயரில் ஏழையின் இரவை இலவசமாக வாங்கும் வழக்கம் இனியும் தொடரலாகாது.

வானிலை ஆர்வலர்களிடமும் நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் கண் கடலில் கூர்மையாக இருக்கிறது. அதைக் கரைக்குள்ளும் திருப்புங்கள். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மழையளவுப் பட்டியல் வெளியிடுவது போல, நிறைந்த ஏரிகளின் பட்டியலையும் திரட்டுங்கள். சுழற்சி உருவாகும் நாள்களில் ஒரே மாதிரியின் ஒரே படத்தைப் பகிராதீர்கள். எத்தனை கணிப்புகள் உடன்படுகின்றன, எத்தனை முரண்படுகின்றன என்பதைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் உங்கள் மதிப்புக் குறையாது. உழவர் அதைப் புரிந்துகொள்வார். தலைமுறை தலைமுறையாக ஐயத்தோடு விதைத்துப் பழகியவர் அவர். கணிப்பு முடிந்தபின், சொன்னது எது, நடந்தது எது என்று வெளிப்படையாகக் கணக்குக் காட்டுங்கள். கணக்குக் காட்டாதவரைக் குடத்தில் இடாத ஊரைப் பற்றி எழுதுகிறோம். ஆகவே இதை வலியுறுத்திக் கேட்கிறோம்.

வானிலைத் துறைக்கும் மாநில அரசுக்கும் நம் வேண்டுகோள் வேறு. மாவட்டத்தை ஓர் அலகாக வைத்து எச்சரிக்கை விடுப்பது நிர்வாகத்துக்கு எளிது. நீருக்கு மாவட்ட எல்லை இல்லை. சவ்வாது மலையிலிருந்து திருமுக்கூடல் வரை செய்யாற்றுப் படுகைக்கு ஒன்று, பாலாற்றுப் படுகைக்கு ஒன்று எனப் படுகைவாரியாக மழை முன்னறிவிப்பைத் தமிழில் வெளியிட வேண்டும். அதில் மழையின் அளவோடு அதன் வாய்ப்பையும் நூற்றுக்கு இத்தனை என்று குறிக்க வேண்டும். கரை கடந்த செய்தியோடு அறிக்கைகளை நிறுத்தாமல், மண்டலம் உள்நாட்டில் முழுவதும் கலையும்வரை அதே கருத்தோடு தொடர வேண்டும். நீர்வளத் துறையின் ஏரிகளையும் ஒன்றியத்தின் ஏரிகளையும் பருவமழைக் காலத்தில் ஒரே கட்டுப்பாட்டு அறையின் கீழ்க் கொண்டுவர வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆட்சியருக்குத் தந்திருக்கும் அதிகாரமே போதும்.

கிராமசபை கூடும் நாள்களில் அக்டோபர் 2 ஒன்று. வடகிழக்குப் பருவம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு அது வருகிறது. நவம்பர் 1 மற்றொன்று. பருவம் தொடங்கிய பின் வருகிறது. உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஊராட்சிகள் அக்டோபர் 2இல் தத்தம் ஏரியின் கரை நிலை, மதகின் நிலை, கலங்கலை அடைத்திருக்கும் ஆக்கிரமிப்பு, மழைமானிக்குப் பொறுப்பேற்பவர் பெயர் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதட்டும். பேரூராட்சி மன்றம் தன் பேரேரிக்கு அதையே செய்யட்டும். நவம்பர் 1இல் ஒரு மாதப் பதிவேட்டைச் சபை முன் படித்துக் காட்டட்டும். அந்த ஏட்டின் படியொன்றை மீனம்பாக்கத்திலோ நுங்கம்பாக்கத்திலோ அமர்ந்து கணிப்போர்க்கும், இரவு விழித்திருந்து மாதிரிகளை ஒப்பிடும் ஆர்வலர்க்கும் அனுப்பட்டும்.